நிரலை ஓட்டாமலே நல் பாயின்டர் பிழையைப் பிடிப்பது

கேள்வி இதுதான்: எட்டு வருடமாக வளர்ந்துவரும் ஒரு ஜாவா பில்லிங் மென்பொருள். ஏறத்தாழ நான்கு லட்சம் வரி. புரொடக்‌ஷனில் வரும் கிராஷ்களில் பெரும்பங்கு நல் பாயின்டர் எக்ஸெப்ஷன், அதாவது எதையும் சுட்டாத ‘நல்’ மதிப்பைத் தொட்டதால் வரும் பிழை. டீம் லீட் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் (நிரலை ஓட்டாமல் படித்தே ஆராயும் கருவி) போடலாம் என்கிறார். டெஸ்ட்டைக் கூட்டினால் போதும் என்கிறார் ஒருவர். ஜாவாவோடு சேர்ந்து ஓடும் கோட்லின் மொழிக்கே மாறிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது வேலைக்காகும், அந்தக் கருவி உள்ளே என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீம் லீட் சொல்வது சரி. ஆனால் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுவேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இருக்கிற நிரலில் பிழை எங்கே என்று தேடிப் பார்ப்பது. மற்றொன்று, ‘இந்த இடத்தில் காலி (நல்) வரவே வராது’ என்று நீங்கள் கொடுக்கும் வாக்கை எழுதி வாங்கிக்கொண்டு, அதை நீங்களே மீறும்போது பில்ட்டை (நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் வேலையை) நிறுத்துவது. முதலாவது பிழையைக் கண்டுபிடிக்கும், இரண்டாவதுதான் தடுக்கும். உங்களுக்குத் தேவை இரண்டாவது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

(ஜாவாவின் ‘நல்’லை இனி காலி என்றே எழுதுகிறேன். நீளம் பூஜ்யமான வெற்று ஸ்ட்ரிங் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

1965-இல் கணினி அறிஞர் டோனி ஹோர் ‘அல்கால் டபிள்யூ’ மொழிக்காக ரெஃபரன்ஸ்களுக்கான (நினைவகத்தில் உள்ள தரவைச் சுட்டும் மாறிகளுக்கான) டைப் முறையை வகுத்துக்கொண்டிருந்தார். ரெஃபரன்ஸை எப்படிப் பயன்படுத்தினாலும் ஆபத்தில்லை என்பதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அப்படியிருந்தும் எதையும் சுட்டாத ஒரு ரெஃபரன்ஸைச் சேர்த்தார். சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததால் ஆசையை அடக்க முடியவில்லை. 2009-இல் லண்டன் மாநாடு ஒன்றில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொல்லி வருந்தினார்.

‘இல்லை’ என்பதற்கு ஒரு குறி வைத்தது தவறல்ல. வாடிக்கையாளருக்கு இரண்டாவது போன் நம்பர் இல்லாமல் இருக்கலாம், பில்லுக்குத் தள்ளுபடி இல்லாமல் இருக்கலாம். இல்லாமையை எழுத ஒரு வழி வேண்டும்தான். ‘கட்டாயம் இருக்கும்’, ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒரே டைப் பெயரால் எழுத வைத்ததுதான் தவறு. ஜாவாவில் ‘முகவரி’ என்று டைப் போட்டால் இரண்டில் எது என்று படிப்பவருக்கும் தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது. எழுதியவர் மனதில் மட்டும் இருக்கும். அவர் வேலை மாறிப் போனால் அதுவும் போயிற்று.

நல் பாயின்டர் பிழை இவ்வளவு வேலை வாங்குவதற்கு இன்னொரு காரணம் தூரம். பில் அச்சாகும் நேரத்தில், வாடிக்கையாளரின் முகவரியிலிருந்து பின்கோடை எடுக்கும் வரியில் கிராஷ் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா 14-இல் வந்து 15-இலிருந்து தானாகவே இயங்கும் புதிய பிழைச்செய்தி, எந்த மெத்தட் திருப்பிய மதிப்பு காலி என்பது வரைக்கும் சொல்லிவிடும். நல்ல வசதி. ஆனால் காலியாக இருந்தது எது என்றுதான் அது சொல்லும், ஏன் காலியானது என்று சொல்லாது. மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ ஓர் எக்செல் கோப்பை ஏற்றியபோது முகவரிப் பத்தி விட்டுப்போயிருக்கலாம். பிழை பிறந்தது அங்கே, வெடித்தது இங்கே. ஸ்டாக் டிரேஸில் (கிராஷ் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மெத்தட்களின் பட்டியலில்) இங்கேதான் தெரியும், அங்கே தெரியாது.

இனி கருவி செய்யும் வேலை. அது நிரலை ஓட்டுவதில்லை; ஒரு மாறியின் உண்மையான மதிப்பு என்ன என்ற கவலையும் அதற்கில்லை. ஒவ்வொரு மாறிக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகளில் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டே வரி வரியாகப் போகிறது: நிச்சயம் காலி, நிச்சயம் காலியில்லை, எதுவும் ஆகலாம். புதிதாக ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி மாறியில் வைத்தால் ‘காலியில்லை’. ‘இது காலி இல்லையென்றால்’ என்று ஓர் இஃப் வந்தால், அதன் உடலுக்குள் ‘காலியில்லை’, எல்ஸ் பக்கம் ‘காலி’. இரண்டு கிளையும் மறுபடி சேரும் இடத்தில் இரண்டு குறிப்புகளையும் ஒட்டிப் பார்க்கிறது. ஒத்துப்போனால் அதுவே, ஒத்துப்போகாவிட்டால் ‘எதுவும் ஆகலாம்’. சுழற்சி வந்தால், குறிப்புகள் மாறாமல் நிலைக்கும்வரை மறுபடி மறுபடி சுற்றிவருகிறது. குறிப்பு மூன்றே வகை என்பதால் சீக்கிரமே நிலைத்துவிடும். ‘எதுவும் ஆகலாம்’ என்று குறிப்புள்ள மாறியின் மேல் புள்ளி வைத்து மெத்தட்டைக் கூப்பிட்டால் கையைத் தூக்கி எச்சரிக்கிறது. அடிப்படை இவ்வளவுதான். இப்படித் தரவு ஓட்டத்தைப் பின்தொடரும் பொது முறையை 1973-இல் கேரி கில்டால் கொடுத்தார். உண்மை மதிப்புகளுக்குப் பதில் இப்படிச் சுருக்கக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால் எப்போது விடையை நம்பலாம் என்பதற்கான கணிதத்தை 1977-இல் பாட்ரிக் கூஸோவும் ராதியா கூஸோவும் கொடுத்தார்கள்.

கணிதம் இன்னொன்றையும் சொல்கிறது, அது அவ்வளவு மகிழ்ச்சியான செய்தி இல்லை. 1953-இல் ஹென்றி ரைஸ் நிறுவிய தேற்றத்தின்படி, ஒரு நிரல் ஓடும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய எந்த உருப்படியான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் தவறாமல் ஆம், இல்லை சொல்லும் கருவியைக் கட்டவே முடியாது. இந்த வரி காலியால் வெடிக்குமா என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். எனவே ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சில பிழைகளைத் தவறவிடலாம். பிழையில்லாத இடத்திலும் கத்தலாம். அல்லது நிரலாளரிடம் கொஞ்சம் கூடுதலாக எழுதச் சொல்லிக் கேட்டுவாங்கலாம். ஒரு கருவியை மதிப்பிடும்போது, எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தேடும் கருவிகள் தவறவிடுவதை ஏற்றுக்கொண்டவை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பில் பியூ, டேவிட் ஹோவ்மயர் இருவரும் தொடங்கிய ஃபைண்ட்பக்ஸ் அப்படிப்பட்டது. இன்று ஸ்பாட்பக்ஸ் என்ற பெயரில் தொடர்கிறது. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரின் குழு 2001-இல் வெளியிட்டது. நிரலின் ஒவ்வொரு வரியும் எழுதியவரின் ஒரு நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள். ஒரு பாயின்டரைத் தொட்டுப் படித்தால் ‘இது காலியில்லை’ என்று அவர் நம்புகிறார். அது காலியா என்று சோதித்தால் ‘காலியாக இருக்கலாம்’ என்று நம்புகிறார். ஒரே பாயின்டரை முதலில் தொட்டுவிட்டுப் பிறகு சோதித்தால் இரண்டு நம்பிக்கையும் மோதுகின்றன. எது சரி என்று கருவிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. மோதல் இருந்தால் பிழை இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சான்று உண்டு. 2009-இல் 2.6.30 பதிப்பின் ‘டன்’ நெட்வொர்க் டிரைவரில், ஒரு ஃபங்ஷனின் முதல் வரிகளிலேயே ‘டன்’ என்ற பாயின்டருக்குள்ளிருந்து சாக்கெட்டை எடுத்து ஒரு மாறியில் வைத்தார்கள். அதற்குக் கீழே, ‘டன்’ காலியாக இருந்தால் பிழை என்று திரும்பிவிடு என்ற சோதனை. படிப்பவர் கண்ணுக்குச் சோதனை இருக்கிறது, பாதுகாப்பு என்றே தோன்றும். ஆனால் ஜிசிசி கம்பைலர் வேறு மாதிரி யோசித்தது: மேலே ஏற்கெனவே தொட்டாயிற்று, சி மொழியின் விதிப்படி காலிப் பாயின்டரைத் தொடுவது வரையறுக்கப்படாத செயல், ஆகவே இது காலியாக இருக்கவே முடியாது, கீழே உள்ள சோதனை வீண். சோதனையையே தூக்கிவிட்டது. பூஜ்ய முகவரியில் தன் சொந்தத் தரவை வைக்க முடிந்த ஒருவர் அதைப் பயன்படுத்திக் கெர்னலுக்குள்ளேயே நுழையலாம் என்று பிராட் ஸ்பெங்லர் அந்த ஜூலையில் செய்து காட்டினார். இப்படிப்பட்ட சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் கொடியோடுதான் அதற்குப் பிறகு கெர்னல் கட்டப்படுகிறது. முதலில் தொட்டு, பிறகு சோதித்த அந்த இரண்டே வரியில் எங்லர் சொன்ன மோதல் அப்படியே இருக்கிறது.

ஜாவாவில் இப்படி ஊடுருவ முடியாது. காலியைத் தொட்டால் எக்ஸெப்ஷன்தான் வரும். ஆனால் தொட்டபின் சோதிக்கும் பழக்கம் ஜாவா நிரல்களிலும் நிறைய உண்டு. உங்கள் நிரலில் ஸ்பாட்பக்ஸை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், நிச்சயம் சில கிடைக்கும். அவற்றைச் சரிசெய்வது லாபம்தான்.

பெரிய நிறுவனங்களில் இந்த வகையின் உச்சம் ஃபேஸ்புக்கின் இன்ஃபர். பீட்டர் ஓஹெர்ன், கிறிஸ்டியானோ கல்கான்யோ, டினோ டிஸ்டெஃபானோ ஆகியோர் இருந்த மோனோய்டிக்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2015-இல் இன்ஃபர் திறந்த மூலமாக வெளிவந்தது. செபரேஷன் லாஜிக் என்ற தர்க்க முறையை வைத்து, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகப் படித்து, ‘இது ஒழுங்காக ஓட என்ன இருந்தாக வேண்டும்’ என்பதைத் தானே ஊகித்து எழுதிக்கொள்ளும். அதன் கணிதத்தைவிட அவர்கள் பின்னர் எழுதிய ஓர் அனுபவம்தான் உங்களுக்கு உதவும். பிழைப் பட்டியலை இரவில் தயாரித்து மொத்தமாக டெவலப்பர்களுக்குக் கொடுத்தபோது சரிசெய்யப்பட்டது கிட்டத்தட்ட பூஜ்யம். அதே ஆய்வு, அதே வகைப் பிழை, ஆனால் கோட் ரிவ்யூ நேரத்தில் அவரவர் மாற்றிய வரிகளின் மேலேயே காட்டியபோது சுமார் 70 சதவீதம் சரிசெய்யப்பட்டது. கருவியின் கூர்மையைவிட அது பேசும் நேரம்தான் முக்கியமாக இருந்திருக்கிறது.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், உங்களுடையதைப் போன்ற ஒரு பழைய நிரலில் தேடும் கருவி ஒன்றை எல்லா விதிகளையும் போட்டு ஓட்டினோம். ஆயிரக்கணக்கில் வார்னிங். முதல் வாரம் ஆர்வமாக உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் அந்த அறிக்கையை யாரும் திறக்கவில்லை. உண்மையான பிழைகள் அதற்குள்ளேயேதான் இருந்தன. அதில் ஒன்று சில மாதங்கள் கழித்து மாதக் கடைசி பில்லிங் ஓட்டத்தை நிறுத்தியது. பழைய அறிக்கையைத் திறந்து பார்த்தபோது அந்த வரி அங்கே இருந்தது.

இப்போது இரண்டாவது வகைக்கு வருவோம். வாக்கு வாங்கும் கருவிகள் ரைஸ் தேற்றத்தின் மூன்றாவது வழியில் போகின்றன: எழுதச் சொல்லிக் கேட்கின்றன. வெறும் ‘முகவரி’ என்றால் காலி ஆகாது என்று பொருள். காலி ஆகலாம் என்றால் அதன் முன்னால் ‘நல்லபிள்’ என்ற அனோட்டேஷனை, அதாவது கருவிக்கான குறிப்பை, போட வேண்டும். கோட்லினில் இதுவே டைப்பின் பின்னால் ஒரு கேள்விக்குறி. இந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் சுலபமாக்கிவிடுகிறது. ஒரு மெத்தட்டைச் சரிபார்க்க அது கூப்பிடும் மெத்தட்களின் உள்ளே நுழைய வேண்டியதில்லை. தலைப்பு வரியில் உள்ள வாக்கைப் படித்தால் போதும். உள்ளே நடப்பது அந்த மெத்தட்டின் பொறுப்பு, அதை அதன் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நான்கு லட்சம் வரியாக இருந்தாலும் ஒவ்வொரு மெத்தட்டும் தனித்தனிச் சின்னக் கணக்கு. முன்னால் சொன்ன தூரப் பிரச்சினையும் இதனால் தீர்கிறது: எக்செல் இறக்குமதியில் காலி முகவரியை வாடிக்கையாளருக்குள் வைக்கும் வரியிலேயே பில்ட் நின்றுவிடும். பிழை பிறக்கும் இடத்தில் பிடிபடுகிறது, வெடிக்கும் இடம்வரை காத்திருப்பதில்லை.

ஜாவாவில் இதற்கு இரண்டு முக்கியத் தெரிவு உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் எர்ன்ஸ்ட்டின் குழு உருவாக்கிய செக்கர் ஃபிரேம்வொர்க் ஒன்று. அது கண்டிப்பானது, தவறவிடக்கூடாது என்பதே அதன் கொள்கை. ஒரு ஃபீல்டு காலியில்லை என்று நீங்கள் சோதித்த பிறகு நடுவில் வேறொரு மெத்தட்டைக் கூப்பிட்டால், அந்த மெத்தட் ஃபீல்டை மாற்றியிருக்கலாமே என்று பழைய சோதனையை மறந்துவிடும். தர்க்கப்படி அது சரி. ஆனால் லாக் எழுதும் ஒரு வரி நடுவில் வந்தாலும் மறுபடி சோதி என்பது போலாகிவிடும். பக்கவிளைவு இல்லை என்று அந்த மெத்தட்டுக்குத் தனியாக ஓர் அனோட்டேஷன் போட்டால்தான் விடும்.

மற்றொன்று ஊபரின் நல்அவே. 2017-இல் திறந்த மூலமாக வெளிவந்தது, கூகுளின் எரர் புரோன் என்ற கம்பைலர் நீட்சியின் மேல் ஓடுகிறது. இது வேண்டுமென்றே சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்கிறது. நடுவில் கூப்பிட்ட மெத்தட் எதையும் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். அளவுரு இல்லாத கெட்டரை (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்டை) இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு முறையும் ஒரே விடைதான் வரும் என்று நம்பும். அனோட்டேஷன் இல்லாத வெளி லைப்ரரிகள் காலி தராது, காலியை வாங்கினாலும் தாங்கும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளும். மூன்றுமே கோட்பாட்டில் ஓட்டைகள். ஆனால் பானர்ஜி, கிளாப், ஸ்ரீதரன் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஊபரின் ஆண்ட்ராய்டு செயலிகளில் ஒரு மாத காலத்தில் புரொடக்‌ஷனில் வந்த நல் பாயின்டர் கிராஷ்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அவர்கள் தெரிந்தே வைத்த ஓட்டைகளில் முதல் இரண்டின் வழியாக ஒரு கிராஷ்கூட வரவில்லை. வந்தவை சோதிக்கப்படாத வெளி லைப்ரரிகளிலிருந்தும், டெவலப்பர்கள் வாய் மூடச் சொல்லி வைத்த வார்னிங்குகளிலிருந்தும், அவை போன்ற பிற காரணங்களாலும் வந்தவை. பில்ட் நேரம் சராசரியாக 1.15 மடங்கு, அவர்கள் ஒப்பிட்ட மற்ற கருவிகளுக்கு 2.8 முதல் 5.1 மடங்கு.

இந்த எண்ணை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். பில்ட் மூன்று மடங்கு ஆகிவிட்டால் அந்தச் சோதனை இரவு நேர சர்வருக்குத் தள்ளப்படும். தள்ளப்பட்டால் மறுபடி அந்த 70 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் கதைதான். ஒவ்வொரு கம்பைலிலும் ஓடும் அளவுக்கு வேகம் இருக்கிறது என்பதனால்தான் உங்களுக்கு நல்அவேயைச் சொல்கிறேன். மருத்துவக் கருவிக்குள் ஓடும் நிரல் என்றால் செக்கர் ஃபிரேம்வொர்க் என்றிருப்பேன்.

டெஸ்ட் போதும் என்ற நண்பருக்கு. டெஸ்ட் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் டெஸ்ட் எழுதுபவர் நினைத்துப் பார்த்த உள்ளீட்டைத்தான் அது சோதிக்கும். முகவரி காலியாக வரலாம் என்று நினைத்தவர் நிரலிலேயே அதைக் கவனித்திருப்பார். நினைக்காதவர் டெஸ்ட்டிலும் நினைக்கமாட்டார். வாக்கு வாங்கும் கருவி நீங்கள் நினைத்தீர்களா என்று கேட்பதில்லை. எல்லாக் கிளைகளையும் தானே நடந்து பார்க்கிறது. கணக்கு சரியாக வருகிறதா என்பதை டெஸ்ட் பார்க்கட்டும், காலியை இதனிடம் விடுங்கள்.

கோட்லின் என்ற நண்பருக்கு. மொழியாகக் கோட்லின் இதில் ஜாவாவைவிட நன்றாக இருக்கிறது, சந்தேகமில்லை. ஸ்விஃப்ட் 2014-இலும், டைப்ஸ்கிரிப்ட் 2016-இலும், சி ஷார்ப் 2019-இலும், டார்ட் 2021-இலும் இந்த வேறுபாட்டை மொழிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஆனால் நான்கு லட்சம் வரியை மாற்றி எழுதுவது ஒரு வருடத்தில் முடியாது, அதுவரை இரண்டும் கலந்து ஓடும். கோட்லினிலிருந்து அனோட்டேஷன் இல்லாத ஜாவா மெத்தட்டைக் கூப்பிட்டால், வரும் மதிப்பைப் ‘பிளாட்ஃபார்ம் டைப்’ என்று வைத்துக்கொண்டு கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எல்லையில் ஜாவா பக்கம் அனோட்டேஷன் இருந்தால்தான் கோட்லினின் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கும். அதாவது கோட்லினுக்குப் போவதாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதே வேலைதான்.

‘ஆப்ஷனல்’ பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கிளப்புவார்கள். மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று காட்டும் ஓர் உறை அது, ஜாவா 8-இல் வந்தது. மெத்தட் திருப்பும் மதிப்புக்கு நன்றாக இருக்கும். ஃபீல்டுக்கும் அளவுருவுக்கும் போட வேண்டாம். ஆப்ஷனல் மாறியே காலியாக இருக்க ஜாவா அனுமதிக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

இனி எந்தக் கருவியும் தாண்ட முடியாத எல்லை. கம்பைலர் பார்ப்பது உங்கள் நிரலை மட்டும். டேட்டாபேஸிலிருந்தும், ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவிலிருந்தும், மெசேஜ் க்யூவிலிருந்தும், ரிஃப்ளெக்‌ஷன் வழியாகவும் உள்ளே வருவதை அது பார்ப்பதில்லை. ஜேசனைப் படித்து ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜிசன் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் தொடக்க நிரல்) இல்லாவிட்டால், கன்ஸ்ட்ரக்டரையே கூப்பிடாமல் ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும். ஜேசனில் ஒரு புலம் விட்டுப்போனால் ‘காலி ஆகாது’ என்று நீங்கள் எழுதிய ஃபீல்டுக்குள் காலி அமைதியாக உட்கார்ந்துவிடும். கோட்லின் கிளாஸுக்கும் இதே கதிதான். கம்பைலர் உறுதியளித்த இடத்தில் கிராஷ் வந்தால் முதலில் இந்த வாசலைப் பாருங்கள்.

2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகம் முழுக்கப் பல மணி நேரம் தடுமாறியது இப்படித்தான். கூகுளே வெளியிட்ட அறிக்கையின்படி, மே 29 அன்று சர்வீஸ் கன்ட்ரோல் என்ற பகுதியில் புதிய ஒதுக்கீட்டுச் சோதனை ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த வழியில் பிழையைச் சமாளிக்கும் நிரல் இல்லை, தனியாக அணைத்து வைக்கும் கொடியும் இல்லை. ஏற்றியபோது அந்த வழி ஓடவே இல்லை. அதை ஓடவைக்கும் வகையான தரவு இன்னும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, வெற்றுப் புலங்கள் கொண்ட ஒரு கொள்கைத் தரவு டேட்டாபேஸுக்குள் வந்தது. சில நொடிகளில் உலகம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு பிராந்தியத்திலும் சர்வீஸ் கன்ட்ரோல் அதைப் படித்து, காலிப் பாயின்டரில் மோதி, விழுந்து, எழுந்து, மறுபடி அதையே படித்து விழுந்தது. இங்கே இரண்டு பூட்டு தேவைப்பட்டது: வெற்றுப் புலம் உள்ள தரவை வாசலிலேயே மறுக்கும் சோதனை ஒன்று, அந்தப் புலம் காலியாக இருக்கலாம் என்ற வாக்கு டைப்பிலேயே எழுதப்பட்டு, கையாளாமல் கம்பைல் ஆகாத நிலை மற்றொன்று.

ஆகவே வாசல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் தரவுக்கென்று தனி கிளாஸ்கள், எல்லாப் புலமும் நல்லபிள். அதிலிருந்து உங்கள் உள் கிளாஸுக்கு மாற்றும் இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் சோதனை, அங்கேதான் ‘முகவரி இல்லாத பதிவு, நிராகரிக்கப்பட்டது’ என்ற தெளிவான செய்தி. அதைத் தாண்டி உள்ளே வந்த பிறகு யாரும் காலியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது? முழு நிரலிலும் ஒரே நாளில் போடாதீர்கள். மற்ற எதையும் சாராத அடிமட்டப் பேக்கேஜ் ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் அது தரவு கிளாஸ்கள் இருக்கும் பேக்கேஜாக இருக்கும். காலி பற்றிய அனோட்டேஷன்களுக்குப் பொதுத் தரமான ஜேஸ்பெசிஃபையின் ‘நல்மார்க்டு’ அனோட்டேஷனை அந்தப் பேக்கேஜின் தகவல் கோப்பில் போடுங்கள். இனி அங்கே குறி இல்லாத டைப் எல்லாம் ‘காலி ஆகாது’. நல்அவேயை வார்னிங்காக அல்ல, எரராகவே வையுங்கள். அந்தப் பேக்கேஜ் சுத்தமான பிறகு அதைப் பயன்படுத்தும் அடுத்த பேக்கேஜ். மேலிருந்து தொடங்கினால் கீழே உள்ள வாக்கு எழுதப்படாததால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இந்தப் பயணத்தில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பு உண்டு, அதைக் கோட் ரிவ்யூவில் பிடிவாதமாகத் தடுக்க வேண்டும். கருவி கத்துகிறது என்று, ‘காலியாக இருந்தால் சும்மா திரும்பிவிடு’ என்ற இஃப் ஒன்றைப் போட்டு வாயடைப்பது. கருவி அமைதியாகிவிடும். ஆனால் வாடிக்கையாளர் காலியாக இருந்ததால் பில்லே போடாமல் திரும்பிய மெத்தட் கிராஷைவிட மோசமானது. கிராஷ் ஆனால் இன்றைக்கே தெரியும். விட்டுப்போன பில் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். கருவி எழுப்பும் ஒவ்வொரு எரருக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது காலியாக இருப்பது நம் தொழிலில் பொருளுள்ள நிலையா? ஆம் என்றால் நல்லபிள் என்று எழுதி, அந்த நிலைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யுங்கள். இல்லை என்றால் காலி எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் வழியை அடைத்துவிடுங்கள். கருவிக்குப் புரியாத நியாயமான காரணம் இருந்தால் மட்டும் சப்ரஸ் செய்யுங்கள், பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதி. மேப்பில் சாவி இருக்கிறதா என்று வேறொரு மெத்தட்டில் பார்த்துவிட்டு இங்கே எடுப்பது போன்ற இடங்களில் இது உண்மையிலேயே தேவைப்படும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் வழியாக ஃபீல்டில் மதிப்பை நேரடியாக உட்செலுத்தும் இடங்களிலும் கன்ஸ்ட்ரக்டரில் மதிப்பு வைக்கவில்லையே என்று நல்அவே கேட்கும். அதற்கு விலக்குக் கொடுக்க வழி உண்டு. ஆனால் கன்ஸ்ட்ரக்டர் வழியாக உட்செலுத்தும்படி மாற்றுவதே நல்லது.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? மெட்டா (ஃபேஸ்புக்கின் இன்றைய பெயர்) 2022-இல் எழுதியதைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமின் ஆண்ட்ராய்டு ஜாவா நிரலில் அவர்களுடைய நல்சேஃப் சோதனைக்கு உட்பட்ட பங்கு 18 மாதங்களில் 3 சதவீதத்திலிருந்து 90 சதவீதமானது. அதே காலத்தில் நல் பாயின்டர் கிராஷ்கள் 27 சதவீதம் குறைந்தன. 90 எங்கே, 27 எங்கே என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் முதிர்ந்த, கோடிக்கணக்கானோர் கையில் ஏற்கெனவே அடிபட்டுச் சீரான நிரல் அது. சுலபமான பிழைகள் எல்லாம் முன்பே கிராஷ் ஆகித் திருத்தப்பட்டுவிட்டன. மிச்சமிருக்கும் 10 சதவீதமும் வெளி எல்லைகளும் தங்கள் பங்குக் காலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் நிரலில் விகிதம் வேறாக இருக்கும். பழைய நிரலில் கிடைப்பதைவிட, புதிதாக எழுதும் வரிகளில் இந்தப் பிழை கிட்டத்தட்ட நுழையாமல் போவதுதான் நான் கண்ட பெரிய லாபம்.

கடைசியாக, பதிப்புகள். எரர் புரோனின் புதிய பதிப்புகள் ஓடப் புதிய ஜேடிகே (ஜாவா கம்பைலர் அடங்கிய தொகுப்பு) வேண்டும், ஆனால் அதை வைத்தே பழைய ஜாவா பதிப்புக்கும் கம்பைல் செய்யலாம். எனவே புரொடக்‌ஷன் சர்வரை உடனே மாற்ற வேண்டியதில்லை. ஜேஸ்பெசிஃபை 1.0 2024 ஜூலையில் வந்தது, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 7 அதையே ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் அதற்கு முந்தைய ஸ்பிரிங்கில் இருந்து, அதன் பழைய நல்லபிள் அனோட்டேஷன் ஏற்கெனவே அங்கங்கே போடப்பட்டிருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டாம். எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தாலும் பெயர் ‘நல்லபிள்’ என்றிருந்தால் நல்அவே ஏற்றுக்கொள்ளும். புதிதாகத் திறக்கும் கோப்புகளில் மட்டும் ஜேஸ்பெசிஃபையுடையதைப் போட்டுக்கொண்டே போகலாம்.